ரெண்டு தடவை மணியடிப்பவள்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பேர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் புழங்குகிற பேர் பறக்காவெட்டி. அதையும் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பாள். அதனால் ‘பறக்கா’ என்று பாதியிலேயே பிடித்து நிறுத்திவிடுவார்கள்.

அவள் பிறந்ததே நாள் கணக்குக்கு முன்னால்தான். “உள்ளயே உக்காந்திருந்தா பஸ் போயிடும்னு நெனச்சிருப்பா” என்று அவள் அம்மா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் ஒரு முழுப் பரீட்சையை எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்து, தாளைக் கொடுத்துவிட்டு, வெளியே மரத்தடியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேள்வித்தாளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருந்தது அடுத்த ஆள் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து பாடம் கற்றாளா என்றால், கற்றாள். அடுத்த பரீட்சையில் பின்பக்கத்தை முதலில் எழுதினாள். முன்பக்கத்தை மறந்தாள்.

வளர்ந்தும் கதை மாறவில்லை. பஸ்ஸில் ஏறியதும் இறங்குகிற படியில் போய் நிற்பாள். பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைத்துவிட்டு, ஏன் பொங்கவில்லை என்று பாலைத் திட்டுவாள். எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி அவள் வலதுகை ஆள்காட்டி விரலில் இருந்தது. எந்தப் பொத்தானையும் அந்த விரல் ஒரு தடவை அமுக்கி நம்பாது. வாசல் மணி என்றால் ரெண்டு தடவை. லிஃப்ட் என்றால் வருகிறவரை. அறையில் விளக்குப் போடுவதாக இருந்தாலும் போட்டு, அணைத்து, மறுபடி போடுவாள். டக், டடக். இதெல்லாம் ஒரே மூச்சில் நடந்துவிடும், பார்க்கிறவர்களுக்கு ஒரு தடவை போட்ட மாதிரிதான் இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. தான் ரெண்டு தடவை போடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

அவள் கட்டிக்கொண்டது ஒரு பூகோள வாத்தியாரை. கண்டம் நகர்வதையும் மலை வளர்வதையும் சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு அவசரம் எங்கிருந்து வரும். உலகத்தில் அவசரத்தைப் பங்கு போட்ட அன்று வரிசையில் நின்று, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, கடையைப் பூட்டிய பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்தவர் அவர். இருவரும் முதலில் பார்த்துக்கொண்டது ஒரு லிஃப்டின் முன்னால். அவள் பொத்தானைக் குத்திக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்றவர் ரொம்ப நேரம் யோசித்து, கடைசியில் வாயைத் திறந்தார்.

“ஒரு தடவை அமுக்கினா அதுக்கே தெரியுங்க.”

“தெரிஞ்சும் வராம இருக்கே, அதுக்குத்தான் ரெண்டாவது தடவை.”

அவர் சிரித்தார். லிஃப்ட் வந்தது. இருவரும் ஏற மறந்தார்கள். கல்யாணப் பேச்சையும் அவள்தான் எடுத்தாள். அவர் “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். யோசித்து முடித்துச் சம்மதம் சொல்ல வந்தபோது அவருடைய அக்கா வீட்டுக்கே அவள் சேதி சொல்லி முடித்திருந்தாள். “ஆமான்னுதானே சொல்ல வந்தீங்க?” என்று கேட்டாள். “ஆமா,” என்றார். “அப்ப என்ன, நேரம் மிச்சம்.”

வேலைக்கு அவள் போவது ஒரு அச்சகத்தின் மாடியில். ரெண்டே அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜையில் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்து ஆடும். அங்கே செய்வது குரல்பெட்டி. சத்தமாகப் பேச முடியாதவர்களுக்கான சாமான்: இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர், வாய்க்குப் பக்கத்தில் ஒரு மைக். ஒரு முதலாளி, விளம்பர வாசகம் எழுதுவதும் தண்ணீர் கேன் தூக்குவதும் அவரே. நாள் முழுக்க ஈயத்தைப் பற்றவைக்கிற ஒரு அக்கா. அதனால் அவளுக்கு ஈயக்கா என்று பேர். பெட்டிக்குள்ளே கரண்டு சம்பந்தப்பட்ட பகுதி முழுக்கப் பறக்காவின் பொறுப்பு.

அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவள் எங்கே கவிழ்ந்தாள் என்பது புரியும். பயப்பட வேண்டாம், மீசையை முறுக்கி மிரட்டுகிற பாடம் இல்லை.

பெட்டிக்குள் இருப்பது செல்போனில் இருப்பது போன்ற ஒற்றை பேட்டரி. அது தருகிற வோல்ட் ஸ்பீக்கருக்குப் பத்தாது. அதனால் நடுவில் ஒரு சிப். பேட்டரியிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, காயில் என்கிற கம்பிச்சுருளில் தேக்கி, உதைத்து உதைத்து மேலே ஏற்றிவிடும். தாழ்ந்த வோல்ட் உயர்ந்த வோல்ட்டாகிவிடும். பூஸ்ட் சிப் என்று பேர். ஏற்றிய கரண்டை வைத்துக்கொள்ள மறுபக்கம் தடியான கெபாசிட்டர் ஒன்று, காலிக் குடம் மாதிரி. சிக்கல் எல்லாம் ஸ்விட்ச் போட்ட அந்த முதல் நொடியில்தான். குடம் காலியாக இருக்கிறது, நிரப்பு நிரப்பு என்கிறது. சிப் ஒரேயடியாகப் பேட்டரியின் கழுத்தைப் பிடித்து உறிஞ்சினால், தெம்பான பேட்டரி என்றால் தாங்கும். அரைப் பசியில் இருக்கிற பேட்டரி படுத்துவிடும். பேட்டரி படுத்தால் சிப்புக்கும் மூச்சு நின்றுவிடும்.

இதற்குத்தான் சாஃப்ட் ஸ்டார்ட் என்று ஒரு ஏற்பாடு. அப்போதுதான் தூங்கி எழுந்த ஆளை, “மெதுவா எந்திரி, உக்காரு, கண்ணைத் தொடை, அப்புறம் நட” என்று சொல்லிக் கிளப்புகிற மாதிரி, சிப் மெல்ல மெல்ல வேகம் எடுக்கும். எவ்வளவு மெல்ல என்பதை எள்ளு சைஸில் இருக்கிற இன்னொரு கெபாசிட்டர் முடிவு செய்யும். அதைப் பெரிதாகப் போட்டால் நிதானம். சின்னதாகப் போட்டால் பாய்ச்சல்.

சிப்போடு வந்த விவரத்தாள் ஒரு அளவைச் சொன்னது. அதன்படி போட்டால் பெட்டி விழித்துக்கொள்ள ஒரு கண்சிமிட்டு நேரம் ஆகும். ஒரு முழுக் கண்சிமிட்டு. பறக்காவுக்கு அதைப் படித்ததுமே கொட்டாவி வந்தது. இருக்கிறதிலேயே சின்ன எள்ளாகப் பார்த்துப் போட்டாள். ஸ்விட்சைத் தொட்டால் போதும், பெட்டி “என்ன?” என்று கேட்கிற மாதிரி எழுந்து நின்றது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ‘தொட்டதும் பேசும்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்தே விட்டார். அச்சகம் கீழேதானே இருக்கிறது.

சோதனையும் அவள்தான் செய்தாள். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, ஸ்விட்ச் போட்டு, “ஹலோ” சொல்லி, அடுக்கிவிடுவாள். புது பேட்டரி, பழைய பேட்டரி, அரை பேட்டரி, எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தாள். டக், டடக், ஹலோ. டக், டடக், ஹலோ. ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை.

இப்படி இருக்கையில் வாத்தியாருக்குத் தொண்டையில் ஒரு ஆபரேஷன் ஆயிற்று. உயிருக்கு ஆபத்தில்லாத சமாசாரம்தான், ஆனால் குரல் போய்விட்டது. போனது என்றால் முழுசாகப் போகவில்லை; பேப்பரைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. வகுப்பில் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. அதற்கு மேல் எழுப்பக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏற்கெனவே மெதுவாகப் பேசுகிற ஆள். இப்போது பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை விழுங்கி, மூச்சு எடுத்து, பிறகுதான் ஆரம்பிப்பார். அந்த இடைவெளியில் பறக்கா புகுந்துவிடுவாள். கடைக்காரர் “என்ன சார் வேணும்” என்றால் அவள் சொல்வாள். போனில் அவருடைய அக்கா “எப்படிடா இருக்கே” என்றால் அவள் சொல்வாள். அவர் வாயைத் திறந்து “எனக்கு...” என்பதற்குள், “தண்ணிதானே, இந்தாங்க” என்று டம்ளர் நீளும். பாதி நாள் அவருக்கு வேண்டியது தண்ணீர் இல்லை. இருந்தாலும் குடித்துவிடுவார். அந்த மாதங்களில் அவர் குடித்த தண்ணீருக்கு ஒரு கிணறு காணாது.

விடுப்பு முடிகிற சமயம் அவள் ஒரு குரல்பெட்டியைக் கொண்டுவந்தாள். தினமும் சாயங்காலம் நடுக்கூடத்தில் ஒத்திகை. வாத்தியார் பெட்டியை இடுப்பில் கட்டி, பெல்ட்டைச் சரிபண்ணி, மைக்கை வளைத்து, ஸ்விட்ச் எங்கே என்று தடவுவார். அதற்குள் ஒரு விரல் வந்து டக், டடக் என்று போட்டுவிடும். “பேசுங்க,” என்பாள். அவர் பேசுவார். சுவரெல்லாம் அவர் குரல் நிறைந்தது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் தகர டப்பா வாசனை அடித்தது, ஆனாலும் அவர் குரல்தான். பறக்கா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதையும் அவசரமாகத்தான்.

பள்ளிக்குத் திரும்பிய நாள் வாத்தியார் சீக்கிரமே போய்விட்டார். ஆசிரியர் அறையில் பெட்டியை ஆன் பண்ணினார். முழு பேட்டரி, உடனே பேசியது. மற்ற ஆசிரியர்கள் விடுவார்களா. கணக்கு சார் ஒரு பாட்டுப் பாடினார். பி.டி. மாஸ்டர் விசில் ஊதிப் பார்த்தார். ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து ஹலோ ஹலோ என்று பேட்டரியைப் பாதிக்கு மேல் குடித்துவிட்டார்கள். மணியடித்ததும் வாத்தியார் பெட்டியை அணைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

வகுப்பு எழுந்து நின்றது. உட்கார்ந்தது. அவர் ஸ்விட்சைப் போட்டார். ஒரே ஒரு தடவை. சிவப்பு விளக்கு மின்னியது. ‘டப்’ என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது.

அவர் காத்திருந்தார். அதுதான் அவர் சுபாவம். தன்னைப் போல அதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டுமோ என்று நினைத்து, மரியாதையாக நின்றார். பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து அவர் இடுப்பையே பார்த்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்: “சார், பெட்டிக்கும் தொண்டை கட்டிருச்சு போல.”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார், சத்தமில்லாமல். மீதி நேரம் முழுக்கப் போர்டில் எழுதிப் போட்டார். எழுதி முடித்துத் திரும்பினால் வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ் நின்றிருந்தார், கையில் நூலக அறைச் சாவி.

“நான் கல்நெஞ்சுக்காரி இல்ல சார்,” என்றார் அந்த அம்மா. “ஆனா பிள்ளைங்களுக்குப் பாடம் கேக்கணுமில்ல. நூலகத்துக்கு ஒரு ஆள் தேவையாத்தான் இருக்கு. அடுத்த வாரம் இதே பீரியடு நான் வந்து கடைசி பெஞ்சுல உக்காருறேன். கேட்டுச்சுன்னா நீங்க இங்க. கேக்கலைன்னா இந்தச் சாவி உங்ககிட்ட. கோவிச்சுக்காதீங்க.”

வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னது ஒரு துண்டுத் தாளில் எழுதி. பேச மனசில்லை. பறக்கா படித்தாள், பெட்டியைப் பிடுங்கினாள், ஸ்விட்சைப் போட்டாள். டக், டடக். “ஹலோ.” பெட்டி கணீரென்று ஹலோ என்றது.

“நல்லாத்தானே இருக்கு. நீங்க சரியா அமுக்கியிருக்க மாட்டீங்க.”

“அமுக்கினேன்.”

“பூவைத் தடவுற மாதிரி தடவியிருப்பீங்க. ஸ்விட்சுன்னா ஒரு அதட்டு வேணும்.”

அவர் விழுங்கினார். மூச்சு எடுத்தார். “நூலகத்துல...”

“நூலகமெல்லாம் போகவேண்டாம், நான் பாத்துக்கறேன்.”

அவர் எழுந்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நூலகத்தில் இருப்பதெல்லாம் புத்தகங்கள்; அவற்றுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். பறக்காவுக்கு அது கேட்கவில்லை என்றில்லை, அரைகுறையாகக் கேட்டது. பரீட்சைத் தாளின் பின்பக்கம் மாதிரி.

மறுநாள் மாடியில் அடுக்கியிருந்த பெட்டிகளை எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் பேசின. இவருடைய பெட்டியைக் கழற்றி, ஒவ்வொரு பற்றுவைப்பையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஈயக்காவுக்குக் கோபம்.

“என் வேலையில குத்தம் கண்டுபிடிக்கணும்னா நேராச் சொல்லு. நான் வச்ச ஈயம், நான் போனாலும் போகாது.”

“இல்லக்கா. எங்க கோளாறுன்னே தெரியல.”

“உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டியா?”

“அவருக்கு என்ன தெரியும், பூகோளம்.”

“எப்படி அமுக்கினார்னு அவருக்குத் தெரியுமில்ல? போய்க் கேளு. கேட்டா பதில் வர்ற வரைக்கும் இரு. உனக்கு அதுதான் கஷ்டம்.”

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பெட்டியை வைத்தாள். பேட்டரி நேற்றைக்குப் பாதி குடித்தது குடித்தபடியே இருந்தது. வாத்தியாரை எதிரில் உட்காரவைத்தாள்.

“நேத்து வகுப்புல எப்படிப் போட்டீங்களோ அப்படியே போடுங்க.”

“நீ கையை வச்சுக்கிட்டு சும்மா இருப்பியா?”

“இருப்பேன்.”

“இருக்க மாட்டே.”

பறக்கா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அவர் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார். மைக்கைச் சரிபண்ணினார். பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்தது, அதை நிமிர்த்தினார். மேஜையில் கிடந்த ஒரு தூசியைத் தட்டினார். பறக்காவின் கைகள் இரண்டும் அடியில் கிடந்து எறும்பு கடித்த மாதிரி துள்ளின. கடைசியில் அவர் விரலை வைத்து, ஸ்விட்சைப் போட்டு, விரலை எடுத்துவிட்டார்.

சிவப்பு மின்னியது. டப். அணைந்தது.

அவள் எழுந்தேவிட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “இரு.”

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. பெட்டி செத்த மாதிரி கிடந்தது.

“இவ்வளவுதான்,” என்றார் அவர். “இதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது. இப்ப நீ போடு.”

அவள் அணைத்தாள். விரலை வைத்தாள். டக், டடக். பெட்டி விழித்துக்கொண்டு லேசாக இரைந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு தடவை போட்டே,” என்றார்.

“ஒரு தடவைதானே போட்டேன்?”

“போட்டே, அணைச்சே, மறுபடி போட்டே. லிஃப்ட்ல இருந்தே பாக்கறேன். நீ எப்பவும் அப்படித்தான்.”

பறக்கா தன் விரலை முதல்முறை பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். மெதுவாக என்பது அவள் வாழ்க்கையில் புது வார்த்தை.

மண்டைக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. முதல் தடவை போடும்போது குடம் காலி. எள்ளு கெபாசிட்டர் சின்னது, அதனால் சிப் பாய்கிறது, அரைப் பசி பேட்டரி படுக்கிறது, சிப் வாயை மூடிக்கொள்கிறது. அணைத்துப் போட்டால்தான் மறுபடி வாயைத் திறக்கும், அந்தச் சிப்பின் குணம் அது. ஆனால் அந்த ஒரு பாய்ச்சலிலேயே குடம் பாதி நிரம்பியிருக்கும். ரெண்டாவது தடவை போடும்போது மீதிப் பாதியை மட்டும் நிரப்பினால் போதும். பேட்டரி தாங்கிவிடும். ஒவ்வொரு பெட்டியும் அவள் கையில் ஒரு தடவை செத்துப் பிழைத்திருக்கிறது. பிழைத்ததை மட்டும் அவள் பார்த்திருக்கிறாள்.

“எல்லாப் பெட்டியும் இப்படித்தான்,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “என் விரல் இல்லாம எதுவும் பேசாது.”

வாத்தியார் விழுங்கினார். மூச்சு எடுத்தார். பறக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.  அவர் மைக்கைத் தொடாமல், அந்தப் பேப்பர் கசங்குகிற குரலிலேயே சொன்னார்:

“என்னையும் அப்படித்தான் பண்றே. நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள அணைச்சு, நீயே போட்டுடறே.”

 அவர் சொல்லி முடித்துவிட்டாரா, இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் காத்திருந்தாள். இருந்தது.

“எனக்குத் தண்ணி வேண்டாம்,” என்றார். “எப்பவுமே வேண்டாம். மோர் இருந்தா குடு.”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

மறுநாள் முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “தொட்டதும் பேசும்னு போட்டாச்சேம்மா.”

“தொட்டா பேசாது சார். தொட்டு, விட்டு, மறுபடி தொட்டாத்தான் பேசும்னு போடணும்.”

“அப்படிப் போட்டா யார் வாங்குவா?”

“அதான் சார் மாத்தணும்.”

பெட்டிகள் எல்லாம் திறக்கப்பட்டன. ஈயக்கா இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, பறக்காவின் ஏழு தலைமுறையையும் மெல்லிய குரலில் விசாரித்தபடியே சின்ன எள்ளைப் பிடுங்கினாள். பறக்காவின் புத்தி பறக்கா புத்திதானே, இருக்கிறதிலேயே பெரிய எள்ளை எடுத்து நீட்டினாள். அதைப் போட்டுப் பார்த்தால் பெட்டி கிளம்பவே மாட்டேன் என்றது. பாதி ஏறுவதற்குள் ஸ்பீக்கர் பக்கம் விழித்துக்கொண்டு, எனக்கும் குடு என்று கையை நீட்ட, சிப் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மாடிப்படியில் பீரோ தூக்குகிறவன் மாதிரி நின்றது.

“உனக்கு ஒண்ணு ஓட்டம், இல்லைன்னா படுக்கை,” என்றாள் ஈயக்கா. “நடக்கவே தெரியாதா?”

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஸ்கோப் என்று ஒரு திரை உண்டு, கரண்டு ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும். சின்ன எள்ளில் பேட்டரியின் கோடு கிணற்றில் விழுந்த வாளி மாதிரி தடாலென்று இறங்கியது. அளவு கூடக் கூடக் கிணறு பள்ளமாயிற்று, பள்ளம் குழியாயிற்று. கடைசியில் ரோட்டில் சின்ன மேடு பள்ளம் அளவுக்கு வந்து நின்றது. அந்த அளவு, விவரத்தாளில் முதலிலேயே சொல்லியிருந்த அதே அளவு. ஒரு கண்சிமிட்டு. பறக்கா அந்தத் தாளை மடித்து, யாரும் பார்க்காத மாதிரி மேஜை டிராயருக்குள் தள்ளினாள். ஈயக்கா பார்த்துவிட்டாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷி. மத்தியானம் சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

சோதனைக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. டிராயரில் கிடந்த கிழட்டு பேட்டரிகளைப் போட்டு, ஒரே ஒரு தடவை ஸ்விட்ச், அதுவும் ஈயக்காவின் விரலால். பறக்காவின் ஆள்காட்டி விரலில் ஈயக்காவே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டாள். “இந்த விரல் இனிமே சோதனை மேஜை பக்கம் வரக்கூடாது.” கறுப்பு டேப்போடு அந்த விரல் துக்கம் கொண்டாடுகிற மாதிரி இருந்தது.

அந்த நாள் வந்தது. “நீ பள்ளிக்கூடத்துக்கு வராதே,” என்று வாத்தியார் சொல்லியிருந்தார். “வரமாட்டேன்,” என்று அவளும் சொல்லியிருந்தாள். அதனால் வகுப்புக்குள் வராமல், வராண்டாவில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து ஜன்னல் வழியாகக் கடைசி பெஞ்சு தெரியும். ஹெட்மிஸ்ட்ரஸ் பையன்களுக்கு நடுவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். நூலகச் சாவி முன்னால் மேஜையில் இருந்தது.

பெட்டியை அவர் வேண்டுமென்றே சார்ஜ் போடாமல் கொண்டுபோயிருந்தார். பறக்கா காலையில் சார்ஜரை எடுத்தபோது, “வேண்டாம், அரைப் பசியிலயே பேசட்டும். நான் அப்படித்தானே பேசறேன்” என்றிருந்தார்.

வகுப்பு எழுந்து நின்றது. உட்கார்ந்தது. வாத்தியார் மைக்கை வளைத்தார். பெல்ட்டை நிமிர்த்தினார். சட்டையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். குழாய் பக்கத்தில் ஒருத்தி டேப் சுற்றிய விரலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், விட்டால் அது மட்டும் தனியாக ஜன்னல் வழியே போய்விடும் என்பது போல.

அவர் போட்டார். ஒரு தடவை.

கண்சிமிட்டு நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் ஒரு ஆள் கல்யாணம் பண்ணி, தொண்டையில் ஆபரேஷன் பண்ணி, வீடு திரும்பிவிடலாம்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. டப் என்ற சத்தம்கூட இல்லை.

வாத்தியார் விழுங்கினார். மூச்சு எடுத்தார். யாரும் குறுக்கே வரவில்லை.

“போன வாரம் பெட்டிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு,” என்றது குரல், வகுப்பு முழுக்க, வராண்டா முழுக்க. “இன்னைக்குச் சரியாயிடுச்சு. அந்த வியாதியைக் கண்டுபிடிச்ச தம்பி எந்திரிச்சு, ஆறு எங்க மெதுவா ஓடும்னு சொல்லு பாப்போம்.”

கடைசி பெஞ்சுக்காரன் எழுந்து நின்றான். பதில் தெரியவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அவன் காதில் ஏதோ சொல்லிக்கொடுத்தார். “சமவெளியில சார்,” என்றான். “எடுத்துக்குடுத்தவங்களுக்கும் சேர்த்து ஒரு மார்க்,” என்றது பெட்டி. வகுப்பு சிரித்தது. அந்த அம்மா சாவியை மேஜையிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.

பறக்கா அதற்குமேல் நிற்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பஸ் வருவதற்கு ஏகப்பட்ட நேரம் இருந்தது, இருந்தாலும் ஓடினாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது, பழக்கத்தில் கை மணிப்பொத்தானுக்குப் போயிற்று. டேப் சுற்றிய விரல். அவள் அதைப் பார்த்தாள். ஒரு தடவை அமுக்கினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

உள்ளே அவர் செருப்புச் சத்தம் நிதானமாகக் கேட்டது. நடுக்கூடம் தாண்டியது. கதவுக்குப் பின்னால் வந்து நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை.

அவள் காத்திருந்தாள். ஒரு கண்சிமிட்டு. இன்னொன்று. உள்ளே ஏதோ ஸ்விட்ச் ஒரு தடவை போடுகிற சத்தம். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி தகர டப்பா வாசனையோடு அந்தக் குரல் வந்தது.

“யாருங்க அது? ஒரே ஒரு தடவை மணியடிக்கிறீங்க. எங்க வீட்டு ஆள் இப்படி அடிக்க மாட்டாங்களே. ஆள் மாறி வந்துட்டீங்க போல.”

எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். பறக்கா விரலிலிருந்த டேப்பைப் பல்லால் பிய்த்து எறிந்தாள்.

டக், டடக்.

கதவு திறந்தது.